அரசாங்கம் தர வேண்டிய அரை மணி நேரம்: சுங்கை சிப்புட்டில் ஒரு போலி ஆவணப்படம் உருவான விதம்

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டன. பதினொன்றரை அடித்த கையோடு பன்னிரண்டு, 1982 பிறந்துவிட்டது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே அந்த நேரத்தில்தான் இருந்தன. நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது.

இதுவரை வரலாறு. இனி எங்கள் படம். பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒரே ஒரு லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) மக்கள் மட்டும் அந்த மாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பழைய நேரப்படிதான் எழுகிறார்கள், சமைக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். அரசாங்கம் தங்களுக்கு அரை மணி நேரம் பாக்கி வைத்திருக்கிறது என்பது அவர்கள் கட்சி. ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர் அந்தப் பாக்கிக்கு வட்டி போட்டுக் கணக்குப் புத்தகமே வைத்திருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு ஓர் ஆவணப்படக் குழு தோட்டத்துக்கு வருகிறது.

அப்படி ஒரு லயம் கிடையாது. ஆனால் படத்தில் அதையும் அதற்காகச் செய்த சில்லறை ஏற்பாடுகளையும் தவிர வேறு பொய் இல்லை. நான் அந்தப் படத்தின் தொகுப்பாளர்; எந்த ஒட்டு எங்கே போட்டது என்று எனக்குத் தெரியும். காசு இல்லாத காரணத்தாலேயே படம் எப்படி ஓர் ஒழுங்குக்கு வந்தது, அந்த ஒழுங்கு எந்த இடத்தில் போதாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

கேமராவுக்குப் பழகிய ஊர்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிறது சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர் அவர். கோலகங்சாருக்குப் போனால், 1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரத்தை இன்றும் பார்க்கலாம்.

இவ்வளவு வரலாறு இருக்கும் ஊரில் ஒலிவாங்கியோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. துரைமார் கதையைக் கேட்கிறார்கள், தோட்டக் கதையைக் கேட்கிறார்கள், தேர்தல் வந்தால் அதையும் கேட்கிறார்கள். ஆகவே ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு 'ஆவணப்பட முகம்' இருக்கிறது. கேமராவைக் கண்டதும் முதுகு நிமிர்கிறது. கைகள் முழங்காலுக்குப் போகின்றன. பேச்சு மேடைத் தமிழாகிவிடுகிறது. மற்ற இயக்குநர்கள் இந்த விறைப்பைக் கலைக்கத்தான் பாடுபடுவார்கள். எங்கள் இயக்குநருக்கு அதுவே வேண்டியிருந்தது. போலி ஆவணப்படத்தில் சிரிப்பு வருவது வசனத்தால் அல்ல; சொல்லும் விஷயத்துக்கும் சொல்லும் முகத்துக்கும் உள்ள பொருத்தமின்மையால். அந்த முகத்தை நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாளாகும். இங்கே ஊரே அதோடு காத்திருந்தது.

இயக்குநர் இந்த ஊர்ப் பெண். பெற்றோர் இருவரும் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். ஒளிப்பதிவாளர் கல்யாணப் படம் எடுப்பவர். ஒலியைப் பார்த்துக்கொண்டவர் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். மழைச் சத்தத்தையும் ஜெனரேட்டர் உறுமலையும் சமாளித்துப் பழகிய காது அவருடையது. படத்தின் ஒலி நன்றாக இருப்பதாக யாராவது சொன்னால், அது திருவிழாக்கள் கொடுத்த பயிற்சி.

பணம்

மொத்தச் செலவு ஒரு பழைய புரோட்டோன் காரின் விலைக்குள் அடங்கிவிட்டது. அதில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் போனது. இரண்டாவது இடம் கணினித் தட்டுகளுக்கு. எழுதிவைத்த வசனம் இல்லாத படத்தில் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். ஓடியதையெல்லாம் சேமித்தாக வேண்டும், அதுவும் இரண்டு படிகளாக.

மலேசியாவில் படம் எடுக்க, விநியோகிக்க, திரையிட, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் அமைப்பின் உரிமம் தேவை. (அந்த அமைப்பு தொடங்கியதும் 1981தான். எங்கள் படத்துக்கும் அந்த ஆண்டுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.) சிறு குழு தனியாக உரிமம் எடுப்பது சிரமம் என்பதால், ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த ஒருவரின் நிறுவனத்தின் கீழ் எடுத்தோம். தோட்ட நிர்வாகம் ஒன்றிடம் லயத்தில் படம் எடுக்க அனுமதி கேட்டோம்; கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே, பழைய பலகை வீடுகள் வரிசையாக நின்ற ஒரு சந்தே எங்கள் லயமானது. ரப்பர் மரங்களுக்கும் அலைய வேண்டியிருந்தது. பெரிய தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிவிட்ட காலத்தில், இன்னும் மரம் வெட்டும் ஒரு சிறுதோட்டக்காரர்தான் தம் நிரைகளை எங்களுக்குத் திறந்துவிட்டார்.

பேசியவர்களுக்குக் காசு கொடுப்பதா என்ற கேள்வி வந்தது. ஆவணப்படக்காரர்கள் பேட்டிக்குக் காசு கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். காசுக்காகச் சொன்ன சாட்சி என்ற பேச்சு வந்துவிடும். நடிகர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது அநியாயம். எங்கள் ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை, அங்பாவ் என்னும் அன்பளிப்பு உறையில். பெரிய வேடம், சிறிய வேடம் என்று பார்க்கவில்லை. இந்தப் படத்தில் எடுத்த முடிவுகளில் எனக்கு முழு நிம்மதி தருவது அதுதான்.

ஒரே ஒரு பொய்

முதலில் எழுதிய கதையில் பொய்கள் ஏராளம். இரவில் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) மணி அடிக்கும் துரையின் ஆவி, லண்டனிலிருந்து வந்த ரகசியக் கடிதம், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் செலவு இருந்தது. ஆவிக்கு வெள்ளைக்காரர் வேண்டும், கடிதத்துக்குப் பழைய மாளிகை வேண்டும், பேராசிரியருக்கு அலுவலகம் வேண்டும். இயக்குநர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு விதி வைத்தார்: லயத்தின் நேரம் மட்டும் பொய், அதைச் சுற்றிச் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்.

சிக்கனத்துக்காக வைத்த விதி அது. ஆனால் உண்மைகளைத் தேடத் தொடங்கியதும், நாங்கள் கற்பனை செய்த ஆவியை விட நாட்டின் நேர வரலாறு வேடிக்கையாக இருந்தது. மலாயாவின் நேரம் 1905இல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முன்னதாக நிர்ணயிக்கப்பட்டது. 1933இல் அதில் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னும் பத்து நிமிடம். 1942இல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம். ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. 1945இல் அவர்கள் போனதும் அந்த ஒன்றரை மணி நேரம் திரும்பி வந்தது. பிறகு 1982. படத்தில் கிராணியாக வருபவர் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, தம் தாத்தா ஒரே மரத்தடியில் நின்றபடி ஐந்து நேரங்களில் பால் வெட்டியவர் என்று தாமாகவே ஒரு வரி சொன்னார். எழுதி வைத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

விண்ணியலும் எங்கள் பக்கம் நின்றது. இன்றைய நேரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. சுங்கை சிப்புட் இருப்பது ஏறத்தாழ 101 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக ஒன்றேகாலைத் தாண்டியிருக்கும். உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் வாழும் ஊரில் இதுதான் நிலை. லயத்து மக்கள் பழைய நேரமே இயற்கையானது என்று வாதாடும்போது அறிவியல் ஓரளவுக்கு அவர்களை ஆதரிக்கிறது. முக்கால் மணி நேரப் பிழை ஒன்றேகால் மணி நேரப் பிழையை விடச் சிறியதுதானே.

ராகு காலம் இன்னொரு புதையல். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாள்காட்டியில் போட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டி. பகலை எட்டாகப் பகுத்து இரண்டாவது பங்கை எடுத்தால், திங்கட்கிழமை ராகு காலம் எட்டே முக்காலை நெருங்கித்தான் தொடங்க வேண்டும். ஏழரைக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டு, உண்மையான ராகு காலத்தில் பத்திரமாகக் கிளம்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஜாதகத்திலும் இதே கூத்து. 1982க்கு முன் தீபகற்பத்தில் பிறந்தவருக்கு இன்றைய நேரத்தை வைத்துக் கணித்தால் லக்னம் ஒரு ராசியின் கால் பங்கு அளவுக்கு நகர்ந்துவிடும். ராசி எல்லையில் பிறந்திருந்தால் லக்னமே மாறிப்போகும். ஜப்பானியர் காலத்தில் பிறந்தவர் பாடு இன்னும் மோசம். படத்தில் ஜோதிடராக வந்தவர் உண்மையிலேயே ஜோதிடம் பார்ப்பவர். இந்த விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னதும் அவர் நடிக்கவே இல்லை. பல வருடக் கோபம் அவரிடம் இருந்தது.

சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்தின் அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரையும் பேச வைத்தோம். தொழுகை வேளை சூரியனைப் பார்த்து வருவது. 1982இல் நகர்ந்தது அட்டவணையில் உள்ள எண்தான், வேளை நகரவில்லை என்று அமைதியாக விளக்கினார். எதிரே கிராணி, அப்படியானால் அந்த அரை மணி உங்களிடம்தான் இருக்கிறதா என்று கேட்கிறார். ஆசிரியர் சற்று யோசித்துவிட்டு, பள்ளிவாசலில் விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார். இருவருக்கும் சிரிப்பு வராததுதான் அந்தக் காட்சியின் பலம்.

நடிப்பைக் குறைக்கும் வேலை

கிராணியாக நடித்தவர் ஒரு காலத்தில் கோயில் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் கட்டியவர். முதல் பேட்டியில் அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்கும்படி இருந்தது. ஆனால் பின்வரிசை இல்லை, கேமரா மட்டும் இருந்தது. மெதுவாகப் பேசுங்கள் ஐயா என்றால் மெதுவாகவே வசனம் பேசினார். இயக்குநர் கடைசியில் அவர் முன் ஒரு செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகத்தை வைத்து, அந்த மாதத்து ஆள் கணக்கை எழுதிக்கொண்டே பேசச் சொன்னார். பெயரும் நாளும் பிசகக் கூடாது என்ற கவலை வந்ததும் குரல் தானாக இறங்கியது. நடுவே நிறுத்தி ஒரு பெயரை அடித்துத் திருத்துவார். பிறகு விட்ட இடத்திலிருந்து அரசாங்கத்தைக் குற்றம் சாட்டுவார். படத்தில் அவர் வரும் இடமெல்லாம் கையில் ஏதாவது வேலை இருக்கும்.

மற்றவர்களுக்கும் இதே வழிதான். அரிசி புடைக்கும் அக்கா, ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த பால்) பிரிக்கும் தம்பி, பால் பிடிக்கும் மங்கு கழுவும் அம்மா. வசனம் கொடுக்கவில்லை, கேள்வி மட்டும் கொடுத்தோம். லயம் பழைய நேரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக்கொள்ளுங்கள், மற்றபடி உங்களுக்கு உண்மையில் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று இயக்குநர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிரிக்க வைக்க முயன்றவர்களின் பகுதிகள் தொகுப்பில் போய்விட்டன. அவை உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசும் ஒரே ஓர் ஆள் இருந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வது போலத் தெரியத் தொடங்கும்.

கடிகாரங்களோடு மல்லுக்கட்டு

நேரத்தைப் பற்றிய படத்தில் சட்டகத்துக்குள் தெரியும் ஒவ்வொரு கடிகாரமும் சாட்சி சொல்லும். ஒருவர் காலையில் சொன்ன பதிலையும் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்ன பதிலையும் நான் ஒட்ட வேண்டும். பின்னால் சுவரில் முள் நகர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் விநாடி முள் நின்றுவிடும், அதையும் கண் பிடித்துவிடும். விநாடி முள் இல்லாத சுவர்க்கடிகாரங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்தோம். கைபேசிகளை மேசையிலிருந்து அகற்றினோம். பாழாய்ப் போனவை சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரிவதைச் சமாளித்துவிடலாம், காதில் விழுவதை என்ன செய்வது? காலைப் பேட்டி என்று வைத்த ஒன்றில், தூரத்தில் மெல்லிய பாங்கு ஒலி. தீபகற்ப மலேசியாவில் வளர்ந்த எவரும் அதைக் கேட்டதும் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஒலியை நீக்க முயன்றால் பேச்சும் சேர்ந்து மெலிந்தது. கடைசியில் அந்தப் பேட்டியைப் பிற்பகலுக்கே மாற்றி, மலாய் ஆசிரியரின் காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். தொல்லையாக வந்த பாங்கு அங்கே அவர் வாதத்துக்குச் சான்றாகிவிட்டது.

மரம் வெட்டும் காட்சிக்குப் பொழுது புலரும் முன்பே போக வேண்டியிருந்தது. பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். முந்திய இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டே இல்லை. தலைவிளக்கு வெளிச்சத்தில் உளி பட்டையைச் சீவி, பால் கோடு பிடித்து இறங்குவதைப் படமாக்க எங்களிடம் வேறு விளக்கு இல்லை, வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள்ளே நிலைமை வேறு. குழல் விளக்குகள் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிபவை. விநாடிக்கு 25 சட்டகம், ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஷட்டர் வேகம் என்று வைத்தால் படம் சிமிட்டாமல் இருக்கும். சினிமாத் தோற்றம் வேண்டும் என்று 24 சட்டகத்துக்கு ஆசைப்பட்ட ஒளிப்பதிவாளரை அந்தச் சமையலறைக் குழல் விளக்குகள்தான் வழிக்குக் கொண்டுவந்தன.

இல்லாத செய்திப்படம்

நேரம் மாறிய இரவின் தொலைக்காட்சிச் செய்தி ஒன்று கதைக்குத் தேவைப்பட்டது. அரசு ஆவணக் காப்பகப் படங்களைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குப் பொய்யான வர்ணனை சேர்ப்பது முறையல்ல என்று எங்களுக்குள் உடன்பாடு. நாங்களே தயாரித்தோம். முதல் வடிவம் கறுப்பு வெள்ளையில், கீறல்களோடு, நடுங்கும் சட்டகத்தோடு வந்தது. ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்த பெரியவர் ஒருவர் பார்த்த உடனே தலையை ஆட்டினார். மலேசியத் தொலைக்காட்சி 1978 டிசம்பரிலேயே வண்ணத்துக்கு வந்துவிட்டது. 1981இல் எதற்குக் கறுப்பு வெள்ளை என்று கேட்டார். 'பழையது' என்றாலே கீறல் போடும் வழக்கம் கணினி மென்பொருள் நமக்குக் கொடுத்த நோய். அவருடைய வீட்டிலிருந்தே ஒரு விஎச்எஸ் வீடியோ நாடாக் கருவியும் குழாய்த் தொலைக்காட்சியும் வந்தன. எங்கள் செய்தியை நாடாவில் பதிந்து, பெட்டியில் ஓடவிட்டு, திரையை மீண்டும் படமாக்கினோம். இங்கேயும் 25 சட்டகம் கைகொடுத்தது. பெட்டித் திரையில் கறுப்புப் பட்டை உருளவில்லை.

வர்ணனைக்கு இன்னும் பழைய மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டோம். 1946இல் தொடங்கிய அரசுப் படப்பிரிவான மலாயன் பிலிம் யூனிட் தமிழிலும் படங்கள் தயாரித்தது; தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டத்துத் திடல்களில் திரை கட்டிப் படம் காட்டின. அந்தக் கம்பீரக் குரல் ஊர்ப் பெரியவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. எங்கள் வர்ணனையாளர் அந்தக் குரலில், மிகச் சரியான செந்தமிழில், வட்டிக் கணக்கை வாசிக்கிறார்.

பாட்டி சொன்னது

விதி போதாமல் போன இடம் இது.

டோக்கியோ நேரத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான பேட்டி வேண்டும் என்று நினைத்திருந்தோம். அன்றைய கணக்குப்படி இங்கே விடியும்போதே மணி எட்டைத் தாண்டியிருக்கும். அதைப் பற்றி யாராவது அலுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்பது திட்டம். தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டியிடம் இயக்குநர் கேட்டார்: ஜப்பான்காரன் நேரம் நினைவிருக்கிறதா பாட்டி?

இருக்கிறது என்றார். அவருடைய அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிய அன்று மணி ஏழு என்று கிராணி சொன்னாராம். ஏழு மணிக்கு எப்படி இவ்வளவு இருட்டாக இருக்கும் என்று அம்மா கேட்டது மட்டும் தமக்கு நினைவிருக்கிறது, அப்பாவின் முகம் நினைவில்லை என்றார். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். எங்கள் விதிப்படி பார்த்தால் பாட்டி சரியாகவே செய்தார்: தமக்கு உண்மையில் தெரிந்ததைச் சொன்னார். அந்த உண்மை ஒரு பொய்க் கதையின் நடுவில், சிரிப்பதற்காகக் கேட்ட கேள்விக்குப் பதிலாக, வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒளிப்பதிவாளர் அண்ணன் அதை எடுத்துவிட வேண்டும் என்றார். வேடிக்கைப் படத்தில் சயாம் மரண ரயிலை வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர் கருத்து. இயக்குநர் வைக்க வேண்டும் என்றார். எடுத்துவிட்டால் 1942 வெறும் எண்ணாக, பட்டியலில் உள்ள ஒரு தமாஷாக மட்டுமே மிஞ்சும். எனக்கு இரண்டு வாதங்களும் சரியாகவே பட்டன. ஆனால் எங்கள் மூன்று பேரின் கருத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. பேட்டி கொடுத்தபோது பாட்டியிடம் இது விளையாட்டுப் படம் என்று சொல்லியிருந்தோம். அவரும் சரி என்றிருந்தார். ஆனால் எதற்கு நடுவில் தம் அப்பா வருவார் என்பது அவருக்குத் தெரியாது. முதலில் வாங்கிய சம்மதம் அந்த வார்த்தைகளுக்குச் செல்லாது.

அரைகுறையாகத் தொகுத்ததை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போய் அவருக்கும் பேரனுக்கும் காட்டினோம். கிராணியைப் பார்த்துப் பாட்டி நன்றாகச் சிரித்தார். இவன் அப்பனும் இப்படித்தான் கணக்குப் பார்ப்பான் என்றார். தம் பகுதி வந்ததும் பேசாமல் பார்த்தார். பிறகு இயக்குநரிடம், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் கண்ணு, ஆனால் அப்பா வரும்போது யாரும் சிரிக்காத மாதிரி செய் என்றார். பேரன் தங்கள் குடும்பப் பெயரும் தோட்டத்தின் பெயரும் வரக் கூடாது என்றார். இரண்டு நிபந்தனைகளையும் ஏற்றோம்.

இரண்டாவது எளிது. முதலாவதுதான் என் வேலை. திரையரங்கில் ஒரு காட்சிக்குச் சிரித்தவர்கள் அடுத்த காட்சியின் முதல் சில விநாடிகளையும் அதே வாயோடு பார்ப்பார்கள். சிரிப்புக்கு ஒரு வால் உண்டு. ஆகவே பாட்டிக்கு முன்னால் இருந்த ஜோதிடரின் பகுதியைத் தூக்கி வெகு தூரத்துக்கு மாற்றினேன். அந்த இடத்தில் சிறுதோட்டத்தின் அதிகாலை வந்தது: உளி, பால், இருட்டு, பேச்சில்லாமல் ஒரு நீளமான காட்சி. பிறகு பாட்டி. இசையை எடுத்துவிட்டேன். கேள்வியையும் எடுத்துவிட்டேன், வேடிக்கைக்காகக் கேட்ட தொனி அதில் ஒட்டியிருந்தது. அவருக்குப் பிறகு உடனே கிராணி வரவில்லை. மலாய் ஆசிரியர் வருகிறார், சூரியனைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த சிரிப்பு வர வெகுநேரம் ஆகிறது. இந்த நீண்ட இடைவெளியால் படத்தின் வேகம் விழுகிறது என்று பார்த்தவர்களில் சிலர் சொன்னார்கள். விழுகிறதுதான். விழட்டும் என்று விட்டோம்.

படத்தின் இறுதியில் பெயர்ப் பட்டியல் போடும்போது 'நடித்தவர்கள்' என்ற தலைப்பின் கீழ் பாட்டிக்கு இடம் இல்லை. அவர் நடிக்கவில்லை.

ஊருக்குக் காட்டியபோது

பொது இடத்தில் திரையிட வேண்டுமானால் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன் பங்கேற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் மட்டும் அழைத்து, தனிப்பட்ட முறையில் ஒருமுறை போட்டுக் காட்டினோம். பாட்டியின் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மற்ற இடங்களில் சிரிப்பு வந்த விதம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

லயத்தை இளைஞர்கள் நம்பிவிட்டார்கள். ஒரு பையன் அது எந்தத் தோட்டம், மோட்டார் சைக்கிளில் போனால் பார்க்கலாமா என்று கேட்டான். 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள் என்பதற்கோ கைதட்டிச் சிரித்தார்கள். அது எங்கள் கற்பனை என்று நினைத்துவிட்டார்கள். ராகு காலக் கணக்கும் கற்பனைதான் என்று ஒரு ஆசிரியை சாதித்தார். கைபேசியில் சூரிய உதய நேரத்தைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் அடங்கினார். பெரியவர்கள் நேர்மாறு. வரலாறு முழுவதும் அவர்களுக்குத் தெரிந்தது அல்லது கேள்விப்பட்டது. லயம்தான் அவர்களுக்கு இடித்தது: எந்தத் தோட்டத்திலும் நிர்வாகம் அரை மணி நேரம் தாமதமாகப் பெரட்டுக்கு வரவிட்டிருக்காது என்று ஒரு முன்னாள் கங்காணி திட்டவட்டமாகச் சொன்னார். பொய்யைப் பிடித்த ஒரே பார்வையாளர் வகை, தோட்டத்தில் வேலை செய்தவர்கள்.

இதைப் பார்த்து, தொடக்கத்திலேயே 'இது கற்பனை' என்று எழுத்துப் போட வேண்டும் என்ற யோசனை மறுபடி எழுந்தது. போட்டால் 1942ஐயும் கற்பனையில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் நான் எதிர்த்தேன். படத்தின் முடிவில், பெயர்ப் பட்டியலுக்கு முன், லயம் மட்டும் கற்பனை என்றும் நேர மாற்றங்களின் ஆண்டுகள் உண்மை என்றும் ஒரு அட்டை போடுவது என முடிவானது. அதை வாசிக்கும்போது சிலர் திகைப்பார்கள். பரவாயில்லை.

விழாக்களுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும்: கதைப்படமா, ஆவணப்படமா? 1965இல் பிபிசிக்காக எடுக்கப்பட்ட, அணுகுண்டுத் தாக்குதலை முழுக்க நடித்துக் காட்டிய ஒரு படம் ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கர் பரிசு வாங்கியிருக்கிறது. அந்த முன்னுதாரணத்தைக் காட்டி ஒளிப்பதிவாளர் இரண்டாவது கட்டத்தில் குறியிடச் சொன்னார். இயக்குநர் கதைப்படம் என்று குறியிட்டார். ஒரு தேர்வுக் குழுவிடமிருந்து பதில் வந்தது. லயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 1941இன் பத்து நிமிடத்துக்கும் டோக்கியோ நேரத்துக்கும் ஆதாரம் கேட்டிருந்தார்கள். அனுப்பிவிட்டோம். படம் அவர்கள் பரிசீலனையில் இருக்கிறது.